முடிதானே என்கிறவர்களுக்கு

பழந்தமிழில் பெண்ணின் கூந்தலுக்கு ஐம்பால் என்று ஒரு பெயர் உண்டு. ஐந்து விதமாக முடிக்கப்படுவதால் அந்தப் பெயர் என்பார்கள் உரைகாரர்கள். கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, பூவாலும் எண்ணெயாலும் வந்த மணமா என்று சிவபெருமானே பாண்டியன் சபைக்கு இறங்கிவந்து நக்கீரரோடு மல்லுக்கு நின்ற கதையும் நம்மிடம் இருக்கிறது. இவ்வளவும் செய்து வைத்திருக்கிற மொழியில், அந்த முடி உதிர்ந்தால் சொல்ல இன்றைக்கு இரண்டே வாக்கியம்தான் மிச்சம். ஒன்று, "என்ன எண்ணெய் தேய்க்கிறீங்க?" இன்னொன்று, "முடிதானே, வளர்ந்துடும், விடுங்க."

இந்த இரண்டு வாக்கியங்களோடும்தான் எனக்குச் சண்டை. முதல் வாக்கியம் நம் காசைத் தின்கிறது. இரண்டாவது, ஏற்கெனவே நோயில் கிடக்கும் பெண்களின் வாயை அடைக்கிறது.

நான் பூதலூர்க்காரன். இருபத்தாறு வயதிலேயே முன்நெற்றி பின்னுக்கு ஏறிவிட்டது. இதனால் நான் இழந்தது அதிகபட்சம் நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் கொஞ்சம் கௌரவம். என் அத்தைக்கு நாற்பத்தெட்டு வயதில் மார்பில் கட்டி வந்து, கீமோ ஏறி, முடி போனது. அவர் இழந்தது வேறு கணக்கு. ஒரே வீட்டில் இரண்டு தலைகள், இரண்டுக்கும் ஊர் வைத்த பெயர் ஒன்றுதான்: "முடி கொட்டுது."

*

சொல் இல்லாமல் போனதால் இப்படி ஆகவில்லை. சொற்கள் இருந்தன. வழுக்கை ஒன்று, புழுவெட்டு ஒன்று, மொட்டை ஒன்று. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முடி உதிர்ந்தால் எங்கள் பக்கத்துக் கிழவிகள், "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சிடுச்சுல்ல, அதான்" என்பார்கள். காரணம் தப்பு, கணக்கு சரி. குழந்தை முகம் பார்ப்பது இரண்டு மூன்று மாதத்தில். பிரசவத்துக்குப் பிறகு முடி கொத்தாக உதிரத் தொடங்குவதும் அப்போதுதான். எந்த எண்ணெய்க் கம்பெனியும் இவ்வளவு துல்லியமாக ஒரு விஷயத்தைச் சொன்னதில்லை.

ஏன் அந்த மூன்று மாதம் என்பதை எங்கள் ஊர் பாஷையில் சொல்லிவிடலாம். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. அது ஒரு காய்கறித் தோட்டம் மாதிரி. ஒரு செடி முளைக்கும், ஒன்று காய்க்கும், ஒன்று பட்டுப்போகும். பெரும்பாலான முடி வளரும் பருவத்தில் இருக்கும். அது பல வருடம் நீடிக்கிற பருவம். கொஞ்சம் மட்டும் ஓய்வுப் பருவத்தில் இருந்து, சுமார் மூன்று மாதத்தில் உதிரும். தினம் ஐம்பதிலிருந்து நூறு வரை போவது கணக்கில்தான் சேர்த்தி. பிரசவம், டெங்கு, டைபாய்டு, கொரோனா, பெரிய ஆபரேஷன், பட்டினி என்று உடம்பு ஆடிப்போகும்போது, பல ஆயிரம் முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகின்றன. காய்கறித் தோட்டம் குறுவை வயலாக மாறிவிடுகிறது. எல்லாம் ஒன்றாக முற்றும், ஒன்றாக அறுப்புக்கு வரும். காய்ச்சலை மறந்துபோன மூன்றாவது மாதம் சீப்பு நிறைய முடி வரும். வேர் சாகவில்லை என்பதால் சில மாதங்களில் தானாகவே திரும்பிவிடும். அந்தச் சில மாதத்தில் நீங்கள் எந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்களோ, அந்த எண்ணெய்க்குப் பேர் போகும்.

புழுவெட்டிலும் இதே கூத்துதான். காசு அளவுக்கு வழுவழுவென்று வட்டமாக முடி போகும். புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடிவேரையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. சின்ன வெங்காயம் தேய்ப்பார்கள். சிறிய வட்டங்கள் பல பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாக மூடிக்கொள்ளும் என்பதால் வெங்காயம் ஜெயித்துவிடும். மூடாமல் தலை முழுக்கப் பரவுகிறவரிடம், "நீங்க ஒழுங்கா தேய்க்கல" என்று சொல்லிவிடலாம்.

வழுக்கை வேறு சாதி. பரம்பரையும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து முடிவேரைச் சுழற்சிக்குச் சுழற்சி மெலிதாக்கிக்கொண்டே போகும். பெண்களுக்கும் உண்டு, வகிடு அகலமாகிக்கொண்டே போவது அதுதான். இதற்கு நிரூபணமான மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலைக்குக் கொண்டுவந்தார்கள். 1988ல் அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. ஃபினாஸ்டரைடுக்கு 1997ல். இரண்டையும் நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும்; இரண்டும் டாக்டரைக் கேட்டு எடுக்கவேண்டியவை. இறுக்கிப் பின்னுவதால் நெற்றியோரம் போகும் முடி ஒரு வகை. ரத்தசோகையும் தைராய்டும் கொண்டுபோவது ஒரு வகை. படர்தாமரை கொண்டுபோவது ஒரு வகை. கடைசியாக ஒன்று இருக்கிறது: வேரே அழிந்து அந்த இடத்தில் தழும்பு உட்கார்ந்துவிடுவது. நாற்றங்காலிலேயே உப்புப் பூத்த மாதிரி. அங்கே மறுபடி ஒன்றும் முளைக்காது. சீக்கிரம் போனால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இரண்டு வருடம் எண்ணெய் தேய்த்துவிட்டுப் போனால், டாக்டர் கையை விரிக்கத்தான் முடியும்.

இத்தனையையும் ஒரே பாட்டிலில் அடைத்து 'ஹேர் ஃபால்' என்று லேபிள் ஒட்டியதுதான் விளம்பரத்தின் சாதனை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு. குணமாக்குவதாகவோ தடுப்பதாகவோ எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக்கூடாத நோய்களின் பட்டியல். அதில் வழுக்கையும் இருக்கிறது, புது முடி வளர்ப்பதும் இருக்கிறது, புற்றுநோயும் இருக்கிறது. மருந்து என்று சொன்னால்தானே சட்டம்? அழகுசாதனம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறார்கள்.

ஆண்களுக்கு இன்னொரு கடை திறந்திருக்கிறது. முடி நடவு, அதுவும் இ.எம்.ஐ.யில். 2016ல் சென்னையில் முடி நட்டுக்கொள்ளப் போன மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மருத்துவம் படித்தவருக்கே அந்தக் கதி. 2022ல் தேசிய மருத்துவ ஆணையம், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துவிட்டு இந்தச் சிகிச்சையைச் செய்யக்கூடாது என்று எழுத்தில் சொல்லவேண்டி வந்தது. நடவு வேலையைக்கூட எங்கள் ஊரில் யூடியூப் பார்த்து யாரும் செய்வதில்லை.

காரணம் கேட்காத சமூகத்துக்கு என்ன நேரும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டம் சாட்சி. 2024 டிசம்பர் கடைசியிலும் 2025 ஜனவரியிலும் ஷேகாவ் தாலுகா கிராமங்களில் சில நாட்களுக்குள் மனிதர்கள் மொட்டையானார்கள். ஷாம்பு என்றார்கள், தண்ணீர் என்றார்கள். அந்த ஊர்க்காரர்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற மருத்துவர் அவர்கள் சாப்பிட்ட ரேஷன் கோதுமையைச் சோதனைக்கு அனுப்பினார். அதில் செலீனியம் மிக அதிகமாக இருந்ததே காரணம் என்றார். ரேஷன் அரிசி தின்கிற டெல்டாக்காரன் இந்தச் செய்தியைச் சிரிக்காமல் படிக்கவேண்டும். தட்டில் என்ன விழுகிறது என்பதைத் தலை சொல்லிக்கொடுத்தது.

*

இனி கீமோ.

புற்றுநோய் மருந்துகளில் பல, வேகமாகப் பெருகும் செல்லைத் தேடிப்பிடித்துக் கொல்பவை. களைக்கொல்லிக்குக் களை எது, பயிர் எது என்று தெரியாத மாதிரி, இதற்கும் கட்டி எது, முடிவேர் எது என்று தெரியாது. முடிவேர் வேகமாகப் பெருகும் இடம். வாயின் உட்புறமும் குடலும் எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான். அதனால்தான் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, ரத்த அணுக்குறைவு எல்லாம் கூடவே வருகின்றன. காய்ச்சலுக்குப் பின் உதிர்வது ஓய்வுக்குப் போன முடி. இதில் வளர்ந்துகொண்டிருக்கும் முடியே இற்றுப்போய் முறிகிறது. மூன்று மாதம் காத்திருக்காது, முதல் ஊசியிலிருந்து இரண்டு மூன்று வாரம்தான்.

எல்லா மருந்துக்கும் இப்படி ஆகாது. சிவப்பு நிறத்தில் ஏறுகிற டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்சல் போன்றவற்றில் பெரும்பாலும் தலை முழுக்கப் போகும். குடல் புற்றுக்குக் கொடுக்கும் சில மருந்துகளில் கொஞ்சம் மெலிவதோடு நின்றுவிடும். எங்கள் பக்கம் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லும் கதிர்வீச்சில், கதிர் விழுகிற இடத்தில் மட்டும்தான் முடி போகும். மார்பில் வைத்தால் தலைமுடி கொட்டாது. தலையில் அதிக அளவில் வைத்தால் சிலருக்கு அங்கே திரும்ப வராமலே போகலாம். கீமோ முடிந்து ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் பொதுவாகத் துளிர்க்கத் தொடங்கும், முதலில் சுருட்டையாகவோ வேறு நிறத்திலோகூட வரும். தலையைக் குளிர்வித்து, முடிவேருக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து முடியைக் காப்பாற்றுகிற தொப்பி ஒன்றுக்கு 2015ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நம் நாட்டில் அது பெரும்பாலும் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின் சமாச்சாரம்.

இவ்வளவையும் ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம். என் அத்தைக்குக் கிடைத்தது மூன்று சொல்: "முடி போகும்மா, பரவால்ல." எப்போது போகும், எவ்வளவு போகும், எப்போது வரும், ஒன்றும் இல்லை. பதினேழாம் நாள் காலையில் தலையணை முழுக்க முடியைப் பார்த்தபோது, மருந்து வேலை செய்யவில்லை, நோய் முற்றிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். புருவம் போகும் என்று யாரும் சொல்லவில்லை. வெயிலில் நிற்கும்போது நெற்றி வியர்வை நேராகக் கண்ணில் இறங்கிய பிறகுதான் புருவம் எதற்கு இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. மூக்குமுடி போய்விட்டதால் மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. சளி என்று கஷாயம் வைத்துக் குடித்தார். மழிக்கும்போது சவரக்கத்தி வேண்டாம், மெஷின் போதும், ரத்த அணு குறைந்திருக்கும் நேரத்தில் சின்னக் கீறலும் சீழ் வைக்கும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. 'முடிதானே' என்கிற மனநிலை மருத்துவத்துக்குள் நுழைந்தால் இப்படித்தான் ஆகும். முடியைப் பற்றிப் பேசுவது நேர விரயம் என்று நினைப்பதால், முடியோடு சேர்ந்த எச்சரிக்கைகளும் சொல்லப்படாமல் போகின்றன.

*

ஊரில் கேட்டவர்களிடம் அத்தை சொன்ன பதில், "சமயபுரத்தாளுக்கு வேண்டுதல்." டெல்டாவில் இந்தப் பதிலுக்கு மேல் கேள்வி கிடையாது. மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசி, "ஆத்தா நல்லா வச்சிருப்பா" என்று போய்விடுவார்கள். பேருந்தில் இடம்கூடக் கிடைக்கும்.

ஆனால் முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே ஊர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஆடியில் போட்ட மொட்டை ஐப்பசியில் கட்டைவிரலில் பாதி நீளத்துக்காவது வந்திருக்கவேண்டும். அத்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒன்று என்று எட்டு ஊசி. ஐப்பசியிலும் தலை பளபளவென்றுதான் இருந்தது. "மறுபடியும் வேண்டுதலா?" என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த வாரத்திலிருந்து அத்தை ரேஷன் கடைக்குப் போகவில்லை. தையில் நடந்த சொந்தக்காரக் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டை எடுக்கப் போனவரை, "நீ உட்காரு, உடம்பு முடியாதவ" என்று அன்பாக உட்காரவைத்தார்கள். புருஷன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்த அன்புக்குப் பின்னால் ஒரு பழைய வரலாறு உண்டு. இந்தக் காவிரிக்கரை அக்ரஹாரங்களில் புருஷன் செத்தால் பெண்ணின் தலையை மழித்தார்கள். அ. மாதவையா இளம் விதவையின் துயரை 'முத்துமீனாக்ஷி'யாக எழுதியது 1903ல். வழக்கம் ஒழிந்தது, வழக்கத்தின் நிழல் ஒழியவில்லை. அந்தச் சடங்கே இல்லாத சாதிகளிலும் மொட்டைத் தலைப் பெண்ணைப் பார்த்தால் சுப காரியம் ஒரு நொடி தயங்குகிறது. கோயில் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் அந்தத் தயக்கம் விலகும்.

பொய் முடியிலும் நமக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. தெருவில் வருகிறவரிடம் சீப்பில் வந்த முடியைக் கொடுத்துப் பாத்திரம் வாங்கியவர்கள் நம் பாட்டிகள். சவுரி வைக்காமல் எந்தக் கல்யாணப் பெண்ணுக்குச் சடை தைத்தோம்? தஞ்சாவூர் உலகத்துக்குக் கொடுத்த பரதநாட்டியத்தில் இடுப்புக்குக் கீழே ஆடுகிற சடையில் பாதி யாருடையதோ. மொட்டையும் மங்கலம், சவுரியும் மங்கலம் என்று ஏற்ற ஊர், மருந்தால் வந்த மொட்டையையும் அதை மறைக்கும் விக்கையும் பார்த்துக் கிசுகிசுக்கிறது.

ஒரு காத்திருப்பு வரிசையில் என் காதாலேயே கேட்டது. சின்ன வயதுப் பெண் ஒருத்தி நர்சிடம் முதலில் கேட்ட கேள்வி: "சிஸ்டர், முடி கொட்டாத மருந்து இருக்கா?" அவள் எழுந்து போனதும் பக்கத்தில் இருந்தவர் சொன்னார், "உசுரே ஊசலாடுது, இவளுக்கு அழகு கேக்குது." இந்த வாசகத்தைத்தான் நான் மன்னிக்கத் தயாரில்லை. அவள் அழகைக் கேட்கவில்லை. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதைத் தானே தீர்மானிக்கிற உரிமையைக் கேட்டாள். சர்க்கரை நோயைச் சொல்லாமல் வைத்திருக்கலாம். ரத்த அழுத்தத்தை மறைக்கலாம். கீமோ முடியை எடுத்த நாளில், நோய் தண்டோரா போட்டுவிடுகிறது. அடுத்து பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள், "அவங்க குடும்பத்துல அந்த நோய் இருக்காமே" என்று திரும்பிப்போவார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கி எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னமும் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் 'அந்த நோய்'தான்.

பகுத்தறிவு நண்பர் ஒருவர், "முடி என்பது செத்துப்போன புரதம், அதற்கு இவ்வளவு அர்த்தம் எதற்கு?" என்றார். ரேஷன் கார்டும் வெறும் காகிதம்தான். அது தொலைந்தால் என்ன ஆகும் என்று ஒரு மாதம் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

*

இலக்கியம் படிக்கிற, எழுதுகிற நம்மிடமும் எனக்குக் கணக்கு இருக்கிறது. தலையில் துணி கட்டிக்கொண்டு ஜன்னலோரம் சிரிக்கும் பெண் நம் குறும்படங்களின் செல்லப் படிமம் ஆகிவிட்டாள். அவள் எதையோ தாண்டியவளாக, ஞானம் பெற்றவளாக இருந்தே ஆகவேண்டும். மூக்கு ஒழுகக்கூடாது. கோபப்படக்கூடாது. மனைவிக்குத் துணையாகத் தானும் மொட்டை அடித்துக்கொள்ளும் கணவன் கண்ணைத் துடைக்க வைக்கிறான். அந்த அன்பைப் பழிக்கவில்லை. ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு ஆம்பளை மொட்டை அடித்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆரத்தித் தட்டு அவன் கைக்கு எப்போது வந்தது, பறிபோவதற்கு? அவளுக்குத் தேவை அன்றைக்கு அவன் ஊர்க்காரர்களுக்கு முன்னால் அந்தத் தட்டை எடுத்து அவள் கையில் கொடுப்பது.

முடி தானம் செய்யும் கல்லூரிப் பெண்களை மதிக்கிறேன். ஒரு விக்குக்குப் பல பேருடைய நீள முடி வேண்டும், வலையில் ஒவ்வொன்றாகக் கொக்கியால் முடிச்சுப் போடவேண்டும், அதனால்தான் விலை. ஆனால் முடிக்குப் பஞ்சம் உள்ள நாடா இது? நம் கோயில்களில் இறக்கும் முடி ஏலத்துக்குப் போய், கப்பல் ஏறி, வெளிநாட்டு விக் ஆகிறது. 2004ல், இந்தியக் கோயில் முடி வேற்றுத் தெய்வத்துக்கான காணிக்கை என்று யூத மதகுருக்கள் தீர்ப்புச் சொல்ல, நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவில் போட்டு விக்குகளை எரித்தார்கள். அங்கே எரிந்தது நம்மூர்ப் பெண்களின் வேண்டுதலாக இருந்திருக்கலாம். அந்த முடி பூதலூரிலிருந்து கீமோவுக்குப் போகிற ஒரு பெண்ணின் தலைக்கு வர வழி இல்லை.

2021ல் தமிழக அரசு அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணத்தை ரத்து செய்தது. முடி இறக்குபவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. நல்ல காரியம். அடுத்த படியையும் எடுக்கட்டும். ஏலத்துக்குப் போகும் முடியில் ஒரு பங்கை ஒதுக்கி, விக் செய்து, அரசு ஆஸ்பத்திரிகளின் கீமோ வார்டில் கேட்பவர்களுக்குக் கொடுக்கட்டும். கேட்பவர்களுக்கு என்று சொல்கிறேன், ஏனென்றால் சித்திரை வெயிலில் விக் வைப்பது கம்பளி போர்த்திக்கொள்வது போல. நிறையப் பேர் பருத்தித் துணியே போதும் என்பார்கள். மொட்டையாகவே நடப்பேன் என்பவரும் உண்டு. மூன்றில் எது வேண்டும் என்று அவரைக் கேட்பதுதான் முக்கியம். காணிக்கை கொடுத்தவருக்கு இதில் என்ன மனத்தாங்கல் வரப்போகிறது? ஆத்தாளுக்குக் கொடுத்தது ஆத்தாளின் இன்னொரு மகளுக்குப் போகிறது.

இதற்கெல்லாம் அரசாணை வேண்டும், காலம் பிடிக்கும். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது முடி கொட்டினால், எண்ணெய் பெயர் சொல்லாதீர்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்ததா, வட்டமாகப் போகிறதா, வகிடு அகலமாகிறதா, தழும்பு தெரிகிறதா என்று கேளுங்கள், தோல் டாக்டரிடம் அனுப்புங்கள். கீமோ என்று தெரிந்தால் 'முடிதானே' என்ற சொல்லை விழுங்கிவிடுங்கள். எத்தனை ஊசி, எந்த மருந்து, எப்போது கொட்டும் என்று டாக்டர் சொன்னாரா என்று கேளுங்கள். சொல்லவில்லை என்றால் அடுத்த தடவை கூடப் போய் நீங்கள் கேளுங்கள். ஊருக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சமயபுரம் என்று சொன்னால், நீங்களும் சமயபுரம் என்றே சொல்லுங்கள்.